புல்மேட்டுச் சில்வண்டு

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தின் பழமையைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் நிற்பார்கள். ஒன்று, எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளையும், 1729-இல் திருவிதாங்கூரில் பட்டமேறி அந்த வீடுகளையெல்லாம் ஒடுக்கிய மார்த்தாண்ட வர்மரும். மற்றொன்று, 1990-இல் வைத்தியன் குன்னு என்ற மேட்டில் 50 ஏக்கரில் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா. இவற்றுக்கு இடையே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. அவ்வளவு காலமும் அந்த மேடு என்னவாக இருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை, வெறும் மேடுதான் என்று பதில் வரும். ஒரு நிலம் தானாக 'ஒன்றுமில்லை' ஆகிவிடுவதில்லை. யாரோ அதை அப்படி எழுதி வைக்கிறார்கள். பிறகு வருகிறவர்கள் அதை நம்புகிறார்கள். இது எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி சில்வண்டு, அதிலும் மரத்தை நாடாமல் புல்லில் வாழும் சிறுவகைச் சில்வண்டு. சில்வண்டு என்றதும் நம் மனதில் அடர்ந்த காடு எழுகிறது. அந்தப் பழக்கத்தை நமக்குப் பழக்கியவர்கள் பூச்சி சேகரித்தவர்களும், நிலத்துக்கு வரி விதித்தவர்களும், பிற்காலத்தில் காட்டைக் காக்கப் போராடியவர்களும். அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுத்தவை கழக்கூட்டம் போன்ற ஊர்களின் செம்மண் மேடுகள்.

முதலில் பூச்சியைப் பார்த்துவிட வேண்டும். சில்வண்டின் வாழ்வில் நாம் காண்பதும் கேட்பதும் கடைசிச் சில வாரங்களை மட்டும். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அது மண்ணுக்குள் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு தரையில் விழுந்து, மண்ணைத் துளைத்து இறங்கி, வேரில் அலகைச் செருகி, மண்ணிலிருந்து மேலேறும் நீர்ச்சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சத்து மிகக் குறைவு; வளர்ச்சி மெதுவாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முன்கால்கள் பற்கள் வைத்த மண்வெட்டிபோல் தடித்திருக்கும். இறுகிய மண்ணைத் தன் கழிவுநீரால் நனைத்துக் குழைத்துப் பூசி அது வளைச் சுவரைக் கெட்டியாக்குகிறது. காலம் வந்ததும் மேலேறி, தண்டையோ புல்லையோ பற்றிக்கொண்டு தோலுரிக்கிறது. விட்டுச் செல்லும் பழுப்பு ஓட்டை எடுத்து உற்றுப் பார்த்தால் முதுகுப் பிளவில் வெள்ளை நூல்கள் தொங்குவது தெரியும். அவை பூச்சியின் மூச்சுக்குழல்களின் உள்தோல். உடலோடு சேர்ந்து அதையும் உரித்துப் போட்டுவிடுகிறது. வெளிவந்த ஆண், வயிற்றின் இருபுறமும் உள்ள அதிர்தகடுகளை உள்ளிழுத்து விட்டு ஒலி எழுப்பும். பெண், கூரிய முட்டையிடும் ஊசியால் தண்டைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். பெரிய வகைகள் மரச் சுள்ளியைக் கீறுகின்றன; புல்வெளிச் சிறுவகைகளுக்குப் புல் தாளும் குறுஞ்செடித் தண்டும் போதும். மரத்துக்கு வருவதானாலும் புல்லுக்கு வருவதானாலும், எந்தச் சில்வண்டும் கேட்பது ஒன்றைத்தான்: ஆண்டுக்கணக்கில் யாரும் புரட்டிப் போடாத மண்.

நம் பழைய மரபு இந்தப் பூச்சியைக் காட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. சங்கப் பாடல்களில் இதன் பெயர் சிள்வீடு. மலையாளத்தில் இன்றும் வழங்கும் சீவீடு அதன் உடன்பிறப்பு. அந்தச் சிள்வீடு பாலைத் திணைப் பாட்டில் வருகிறது. பொருள் தேடித் தலைவன் கடந்துபோகும் வறண்ட வழியில், காய்ந்து நிற்கும் ஓமை மரத்தில் அது ஒலிக்கிறது. ஈரம் சொட்டும் குறிஞ்சிச் சோலையை விட்டு, வெயில் காய்ந்த வெட்டவெளியின் ஒலியாகப் புலவர் இதைக் கேட்டிருக்கிறார். கவிதையைக் கொண்டு பூச்சியியல் பேசலாமா என்று கேட்கலாம். எந்த இனம் என்று அடையாளம் காண அது உதவாது, உண்மைதான். ஆனால் எந்த நிலத்தோடு எந்த ஒலியைச் சேர்த்துக் கேட்டார்கள் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல சான்று வேறில்லை. திணைக் கவிதையின் இலக்கணமே நிலத்துக்கும் அதன் உயிர்களுக்கும் உள்ள உறவின் மேல் நிற்பது. வறண்ட திறந்தவெளிக்கும் தனக்கென்று உயிர்களும் ஒலிகளும் உண்டு என்பது அந்த மரபில் வாதிட வேண்டிய செய்தியாகவே இருக்கவில்லை.

இது மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இந்தியச் சில்வண்டுகளைப் பற்றிய அடிப்படை நூல்களை எழுதியவர் வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட். லண்டனில் தோல் வணிகத்தில் இருந்தவர். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். கீழைநாட்டுச் சில்வண்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூலைக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1889 முதல் 1892 வரை வெளியிட்டது. பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் சில்வண்டுகளை உள்ளடக்கிய அவருடைய தொகுதி 1906-இல் வந்தது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. இன்றைய ஆய்வும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அவர் கையில் இருந்தவை ஊசியில் குத்திய உலர்ந்த உடல்கள். அவற்றை அனுப்பியவர்கள் யார்? நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாம்ப்சன், இலங்கையின் அரசுப் பூச்சியியலாளர் கிரீன், அசாமிலும் பர்மாவிலும் இருந்த அதிகாரிகள், தோட்டக்காரர்கள். இவர்களுடைய பங்களாக்கள் மலையில் இருந்தன. இரவில் விளக்குக்கு வந்து மோதும் பெரிய சில்வண்டு மேசைமேல் வந்து விழும். எடுத்து டப்பாவில் போட்டால் போதும். கடலோரச் சமவெளியில் முழங்காலளவு புல்லில், ஒன்றரை சென்டிமீட்டர் உடலோடு, காலடி கேட்டதும் வாயடைத்துக்கொள்ளும் பூச்சியைத் தேட வேறு வகை உழைப்பு வேண்டும். ஆக, அந்த நூல்களில் மலைக்காட்டுப் பெரிய வகைகள் கூட்டமாக இருப்பதற்கு இயற்கை ஒரு காரணம் என்றால், சேகரித்தவரின் வீடு எங்கே இருந்தது என்பது இன்னொரு காரணம். டிஸ்டன்டுக்கு நூறாண்டுக்குப் பின், 2016-இல், இந்தியா முதல் மியான்மர் வரையிலான சில்வண்டுகளின் பட்டியல் ஒன்று வெளியானது. 281 இனங்கள், அவற்றில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் சேர்த்து 189, இலங்கைக்கு 22. தொகுத்தவர்கள் அதன் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள்.

அதே 1906-இல்தான் நாகமையாவின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடும் வெளிவந்தது. அரசின் கண்ணில் நிலம் எப்படித் தெரிந்தது என்பதை அறிய அந்தக் கால நிலவரித் திட்டத்தைப் பார்க்க வேண்டும். நன்செய் 'நிலம்' எனப்பட்டது, மற்றது 'புரயிடம்'. இந்த இரு சொற்களும் கேரள ஆவணங்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. புரயிடத்துக்கு வரி போட மண்ணைப் பார்க்கவில்லை, மரத்தை எண்ணினார்கள்: தென்னை இத்தனை, கமுகு இத்தனை, பலா இத்தனை. பரப்பை மட்டும் கணக்கிட்டு எல்லா நிலத்துக்கும் ஒரே அடிப்படை வரி என்ற முறை 1946-இல்தான் வந்தது. எண்ணத்தக்க மரம் இல்லாத மேடு அந்த ஏட்டில் தரிசு அல்லது புறம்போக்கு. அங்கே மாடு மேய்ந்தது, கூரைக்கும் எருவுக்கும் புல் அறுத்தார்கள், வீட்டுக்கு வெட்டுக்கல் எடுத்தார்கள், மருந்துக்குச் செடி பறித்தார்கள். ஆனால் இவற்றில் எதற்கும் பத்தி இல்லை. கழக்கூட்டத்துக்குப் பக்கத்திலேயே 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏறிய தும்பா இருக்கிறது. திறந்த வெளியில் வெயில் குடித்து வளரும் தும்பைச் செடியின் பெயரைத் தாங்கிய கடலோர ஊர் அது. அந்த வெளிகளில் என்ன இருந்தது என்பதை ஊர்க்காரர் அறிந்து பெயரும் வைத்தார்கள். வரி ஏடு அறியவில்லை.

ஏட்டில் வெறுமை என்று எழுதினால் அதை நிரப்பத் தோன்றுவது இயல்பு. 1980களில் அந்த நிரப்பல் நடந்தது. தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் 1985-இல் அமைந்தது. சமூகக் காடு என்ற பெயரில் கேரளமெங்கும் ஆஸ்திரேலிய அக்கேசியா நடப்பட்டது. கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாக மேடுகளிலும் அக்கேசியா அடர்ந்தது. நட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடவில்லை. விறகுக்குத் தட்டுப்பாடு இருந்தது, வெறும் மண் அரிக்கும் என்ற பயம் இருந்தது, விரைவில் பச்சை காட்டும் மரம் கிடைத்தது. ஆனால் அக்கேசியாவின் தடித்த சருகு எளிதில் மக்குவதில்லை. தரையை மூடிக் கிடக்கிறது, அடியில் புல் எழுவதில்லை. புல் போனால் புல்லில் முட்டையிட்டு, புல் வேரில் வளரும் பூச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை. மரம் வந்தால் சில்வண்டு கூடத்தானே செய்யும் என்று ஒருவர் கேட்கலாம். கூடும், மரத்துச் சில்வண்டு கூடும். ஏமாற்றமே இங்கேதான் இருக்கிறது. மரத்துச் சில்வண்டின் குரல் பெரியது. அது வந்துவிட்டால் இயற்கை திரும்பிவிட்டதாகக் காது நினைத்துக்கொள்ளும். அந்தப் பெரிய குரலுக்குக் கீழே சின்னக் குரல் ஒன்று அடங்கிப்போனது கணக்கில் வராது.

இதே பத்தாண்டில்தான் கேரளம் தன் மிகப் பெரிய சூழல் வெற்றியைப் பெற்றது என்பதை மறந்துவிடக் கூடாது. குந்திப்புழையில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரியும், பல அறிவியலாளர்களும் நின்று போராடி சைலன்ட் வேலியைக் காப்பாற்றினார்கள். 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985-இல் ராஜீவ் காந்தி முறையாகத் தொடங்கி வைத்தார். ஆங்கிலேயர் அந்தப் பள்ளத்தாக்குக்கு அப்படிப் பெயர் வைத்தது ஏன் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், அங்கே சில்வண்டின் இரைச்சல் இல்லை என்பது. பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. சில்வண்டு அங்கே அறவே இல்லை என்பதும் சரியல்ல. ஆனால் அந்தக் கதை ஊன்றியபின் சில்வண்டும் மழைக்காடும் பொதுமக்கள் மனதில் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டன. அந்தப் போராட்டம் நடந்திருக்காவிட்டால் இழப்பு அளவிட முடியாததாக இருந்திருக்கும். அதன் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு சமூகம் ஒரே நேரத்தில் மழைக்காட்டுக்காகக் கண்ணீர் விட்டு, வீட்டுப் பக்கத்துப் புல்மேட்டை நிரப்பியது என்றால், காப்பதற்கு உரியது எது என்ற அளவுகோலே மரத்தைக் கொண்டு செய்யப்பட்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். மரத்தை எண்ணி வரி போட்ட ஏட்டுக்கும் மரத்தைப் பார்த்து உருகிய மனத்துக்கும் நடுவே நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. கடலோரக் கேரளத்தின் புல்மேடுகள் இயற்கையானவையா? அவற்றில் பல, பழைய மரக்கூட்டத்தை வெட்டியும், மாடு மேய்த்தும், தீ வைத்தும் மனிதன் உண்டாக்கியவை. மனிதன் உண்டாக்கியதை மனிதன் மாற்றினால் என்ன குறை? இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மனிதக் கை பட்ட புல்நிலமும் சில்வண்டும் சேர்ந்து வரலாறு படைத்த இடங்கள் உண்டு. ஒக்கினாவாத் தீவுகளில் மொகானியா மினுட்டா என்ற புல் சில்வண்டு இருக்கிறது. ஜப்பானின் மிகச் சிறிய சில்வண்டு அது. உடல் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. உயர்ந்து வளரும் காட்டுப்புல்லில் யாருக்கும் தொல்லை தராமல் வாழ்ந்தது. அதன் குஞ்சு மண்ணில் வளர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அங்கே கரும்பு சாகுபடி பெருகி, அறுத்த கட்டையிலிருந்தே மீண்டும் வளரவிடும் மறுதாம்பு முறை பரவியதும், உழவே இல்லாத மண் ஆண்டுக்கணக்கில் கிடைத்தது. 1970களில் அந்தச் சின்னஞ்சிறு பூச்சி கரும்பின் பெரும் பகையாகிவிட்டது. அது ஏன் நடந்தது என்று இத்தோவும் நாகமினேயும் 1981-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். இயற்கைப் புல்லா, நட்ட புல்லா என்று பூச்சி பார்க்கவில்லை. மண் புரட்டப்படாத ஆண்டுகளின் எண்ணிக்கையே அதன் தலைவிதியை எழுதியது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மேட்டைப் புல்லாக்கியவர் யார் என்பதைவிட, அந்த மண் எவ்வளவு காலம் அமைதியாகக் கிடந்தது என்பதே. மேய்ச்சலும் அரிவாளும் பட்டாலும் உழவு படாத திருவிதாங்கூர் மேடுகள் தலைமுறை தலைமுறையாகச் சில்வண்டுக்கு ஏற்ற மண்ணாக இருந்திருக்கக்கூடும்.

இங்கிலாந்தின் கதை இன்னும் உறைப்பானது. அந்த நாட்டுக்கென்று இருந்த ஒரே சில்வண்டு, நியூ ஃபாரஸ்ட் என்ற பகுதியில் 1812-இல் முதலில் பதிவான சிக்காடெட்டா மொன்டானா. பெயரில் காடு இருந்தாலும் அந்தப் பகுதி குதிரையும் மாடும் மேய்ந்து திறந்து வைத்த புல்வெளிகள் நிறைந்தது. இந்தச் சிறு சில்வண்டு வாழ்ந்ததும் அத்தகைய வெளிகளின் ஓரங்களில்தான். 1990களுக்குப் பிறகு அங்கே அதை யாரும் உறுதியாகக் காணவில்லை. அதன் பாட்டு 14 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலெழுவது. வயதானவர்களின் காதுக்கு எட்டாது. 2013-இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுமக்களின் கைப்பேசிகளையே காதாக்கித் தேடும் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். இப்போது ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்றும் முயற்சி நடக்கிறது. பூச்சி சேகரிப்பில் இருநூறாண்டுப் பழக்கமும், பதிவும், பணமும் உள்ள நாட்டிலேயே ஒரு புல்வெளிச் சில்வண்டு இப்படிக் கைநழுவ முடியும் என்றால், தரிசு என்று எழுதி மூடிய மேடுகளில் என்ன நடந்திருக்கும் என்று கணிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

டெக்னோபார்க்கைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் இடம் அது. வேலை தேடி வளைகுடாவுக்குப் போயே தீர வேண்டும் என்றிருந்த ஊருக்கு வேறொரு வழியைக் காட்டியது. பூச்சிக்காக அதைக் கட்டாமல் விட்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. கேட்கக்கூடியது வேறு: கட்டுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருந்தது என்று ஒரு பக்கமாவது எழுதப்பட வேண்டும் என்ற விதி அன்று இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-இல் வந்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையில் அதன் கீழ் தெளிவாக வந்தன. அதற்கிடையே கழக்கூட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னொன்றும் நடந்தது. குன்றை இடித்துச் செம்மண்ணை லாரியில் ஏற்றி, பள்ளத்து வயலை நிரப்பி வீடு கட்டினார்கள். வயல் அழிவதைக் கண்டு கலங்கிய கேரளம் 2008-இல் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது தேவையான சட்டம். வயலை மூடிய அந்த மண் எந்த மேட்டிலிருந்து வந்ததோ, அந்த மேட்டின் புல்லுக்காகவும் அதன் அடியில் வேர் பற்றிக் கிடந்த குஞ்சுகளுக்காகவும் பேச அப்படியொரு சட்டம் இல்லை. வயலுக்கு நெல் என்ற பெயர் உண்டு. மேட்டுக்குத் தரிசு என்ற பெயர்தான்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது: இத்தனை காலம் தவறவிட்டதை இனி எழுதி என்ன ஆகப் போகிறது? இதற்கு விடை கழக்கூட்டத்துக்கு அருகிலேயே இருக்கிறது. காரியவட்டம் வளாகத்தில், பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், பூச்சியியல் முன்னேற்றத்துக்கான சங்கம் இயங்குகிறது. 1976 முதல் என்டமான் என்ற ஆய்விதழ் அதன் வழியே வருகிறது. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒரு சில்வண்டை, 1850-இல் வாக்கர் பெயரிட்ட பூரணா டைகிரினா என்ற மலாய் நாட்டு இனமாகவே ஆய்வாளர்கள் நெடுங்காலம் கொண்டிருந்தார்கள். ஆணின் வயிற்றடியில் ஒலியறையை மூடும் தகட்டின் அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்த இச்சங்கத்து ஆய்வாளர்கள், அது தனி இனம் என்று காட்டி, மலையாளப் பெயரையே சேர்த்துப் பூரணா சீவீடா என்று 2025-இல் பெயர் சூட்டினார்கள். அது புல் சில்வண்டு அல்ல, மரத்தை நாடும் வகை. இருந்தும் அது சொல்லும் செய்தி பெரிது: நாள்தோறும் காதில் விழும் குரலுக்கே சரியான பெயர் கிடைக்க ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்த வேலையைச் செய்ய லண்டன் அருங்காட்சியகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இனி சின்னக் குரல்களின் முறை. அதற்கு வளாக மேட்டில் அக்கேசியாவை அகற்றும் இடங்களை உடனே வேறு மரத்தால் நிரப்பாமல் சிலவற்றைப் புல்லுக்கே விட வேண்டும். ஐந்தாறு ஆண்டு மண்வெட்டி படாமல் கிடக்கும் அந்தத் துண்டுகளில் மழைக்கு முன்னும் பின்னும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். புல் தாளில் ஒட்டிக் கிடக்கும் பழுப்பு ஓடுகளை எண்ணித் தேதி போட்டு எழுத வேண்டும். பூச்சியறிந்த ஆசிரியர்களும் கால் வலிக்காமல் மேடேறும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். தேவையான நிலமும் அதே வளாகத்துக்குள் கிடக்கிறது.